இறங்க மறந்த வட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் ஜகந்நாதன் கையில் ஒரு கவரோடு வந்தார். பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். எப்போதும் சிரித்த முகம். அன்று சிரிப்பு இல்லை.

“சார், ஃப்ளோட்டிங்னா மிதக்கிறதுதானே?”

“ஆமாம்.”

“மிதக்கிற பொருள் மேலயும் போகும், கீழயும் வரும்... இல்லையா?”

“வரணும்.”

“அப்போ என் வீட்டு லோன் வட்டி மட்டும் ஏன் சார் கேஸ் பலூன் மாதிரி மேலயே போயிட்டிருக்கு?”

கவருக்குள் வங்கியின் கடிதம். வட்டி மறுபடியும் ஏறியிருக்கிறது. ரிடையர் ஆகும்போது முடிய வேண்டிய கடன், இப்போது ரிடையர் ஆகியும் இரண்டு வருடம் ஓடும் போலிருக்கிறது.

நான் பத்தி எழுதிப் பிழைக்கிறவன். வட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைக் கட்ட வேண்டும் என்பதுதான். ஆகவே வழக்கம்போல உள்பக்கம் திரும்பி, “பத்மா...” என்றேன்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நீட்டிய கடிதத்தை அவள் வாங்கவே இல்லை.

“அக்ரிமென்ட் எங்கண்ணா?”

“பீரோவுல எங்கியோ இருக்கும்மா.”

“படிச்சீங்களா?”

“முப்பது எடத்துல கையெழுத்து போட்டேன். கையே வலிச்சுது. படிக்க வேற செய்யணுமா?”

நானும் அவரும் சிரித்தோம். பத்மா சிரிக்கவில்லை. “எடுத்துட்டு வாங்க. படிப்போம்,” என்றாள்.

ஜகந்நாதன் போய்விட்டார். எனக்குத்தான் அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. காரணம் இருக்கிறது. இவள் ஒரு கடன் பத்திரத்தை உட்கார்ந்து படித்ததால் ஓர் ஊருக்குத் தண்ணீர் வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? எத்தனையோ வாரம் இந்த இடத்தில் என் வீர பிரதாபங்களைச் சகித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாரம் ஒன்று அவளுடையது.

பத்மா பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூரு. அவளுடைய தாத்தா காலத்திலேயே வேலூரிலிருந்து வந்து, மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் கன்னட மீடியம். மாநில அரசின் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது, ஃபைலில் அவள் எழுதும் கன்னடக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, “மேடத்துக்கு தார்வாடா?” என்று, நல்ல கன்னடத்துக்குப் பேர்போன ஊரைச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. நானோ இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் ஆட்டோக்காரரிடம் இடது வலது சொல்லத் தடுமாறுகிறவன்.

புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். மாநில அரசின் ஒரு நிறுவனத்துக்கு அவளைக் கணக்குத் தலைமை அதிகாரியாக அனுப்பியிருந்தார்கள். பெயர் வேண்டாம். சின்னச் சின்ன ஊர்களுக்குக் குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுபோவது அவர்கள் வேலை. கன்னிங்ஹாம் ரோட்டில் வாடகைக் கட்டடம், லிஃப்ட் உண்டு, ஓடாது.

குழாய் போடப் பணம்? தொண்ணூறுகளின் நடுவில் டெல்லியில் உள்ள ஒரு பெரிய நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கியிருந்தார்கள். மாநில அரசு ஜாமீன். அதாவது, நிறுவனம் கட்டாவிட்டால் கவர்ன்மென்ட் கட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை. பெரிய தொகை. கடைசி நாளில் தேடினால் கிடைக்காது என்பதால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மாதாமாதம் ஒரு பங்கை எடுத்துத் தனி பாங்க் கணக்கில் போட்டுவிட வேண்டும். அதற்குத் தவணை நிதி என்று பெயர். தவணை கட்டுவதைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று எம்.டி.யுடையது. இன்னொன்று, பத்மாவுடையது.

நம் வீடுகளில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கென்று தனியாக ஒரு கவர் வைப்போமே, அதேதான். அந்தக் கவரை எத்தனை தடவை திறந்திருக்கிறோம் என்று நம் மனசுக்குத் தெரியும்!

அந்த வருடம் மழை பொய்த்தது. கோலார் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே போய்ச் சேர வேண்டிய குழாய், ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் வந்து நின்றுவிட்டது. பாதியில் பணம் தீர்ந்துபோனது. அரசு தர வேண்டிய மானியம் ‘வரும், வரும்’ என்றார்கள். வரவில்லை. லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை மாதம் ஆபீசில் ஒரு மீட்டிங். எம்.டி. மோசமான மனிதர் அல்ல. தினமும் அந்த ஊர்க்காரர்களின் போனை எடுத்து எடுத்து நொந்துபோயிருந்தார்.

“நோடி மேடம், பாருங்க,” என்றார். “தவணை நிதியில பணம் சும்மா கிடக்கு. அதை எடுத்து குழாயை முடிச்சிடலாம். அடுத்த மாசம் மானியம் வந்துடும். திருப்பிப் போட்டுடலாம். தவணை செப்டம்பர் கடைசிலதானே?”

பேச்செல்லாம் கன்னடத்தில்தான். பத்மா என்னிடம் சொன்னபடி தமிழில் தருகிறேன்.

“மானியம் வரலேன்னா சார்?”

“வரும் மேடம்.”

“எழுத்துல இருக்கா சார்?”

இல்லை.

“அப்போ நான் கையெழுத்துப் போட முடியாது சார். செப்டம்பர்ல தவணை தவறினா நம்ம கம்பெனி பேரு மட்டும் கெடாது. ஜாமீன் போட்ட கவர்ன்மென்ட் பேரும் சேர்ந்து கெடும். அடுத்த ஊருக்குக் குழாய் போட எவன் கடன் குடுப்பான்? குடுத்தாலும் என்ன வட்டி கேப்பான்?”

மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பசவராஜு. அந்த ஊர்க் குழாய்க்குப் பொறுப்பான இன்ஜினியர். நாற்பது வயசு. வெயிலில் நின்று நின்று கறுத்த மனுஷர். அன்று காலைகூட அந்த ஊரில் பெண்கள் அவர் ஜீப்பை மறித்துக் காலிக் குடங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

“தண்ணி விஷயத்துல உங்காளுங்க எங்களுக்கு எப்பவும் இப்படித்தானே மேடம்?”

‘உங்காளுங்க’ என்றது தமிழர்களை.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பம்தான் அந்த மூன்று நாளும் எங்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சோறு போட்டது. அதனால் ‘உங்காளுங்க, எங்காளுங்க’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அது வேறு யார் வாயிலிருந்தாவது வரும்போது... எங்கே போய் இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“பசவராஜு, நான் பொறந்தது சிவாஜிநகர்ல,” என்று மட்டும் சொன்னாளாம் பத்மா. கையெழுத்துப் போடவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், புடவையைக்கூட மாற்றாமல் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். அரை கிலோ பீன்ஸ். இரண்டு பேருக்கு எதற்கு என்று கேட்க நினைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நறுக்கி முடித்த பிறகு அவளே சொன்னாள்.

“நீ செஞ்சது சரிதானே? அப்புறம் என்ன?” என்றேன்.

“சரிதாங்க. ஆனா அந்த ஊருக்குத் தண்ணி இல்லேங்கறதும் சரிதானே? ‘முடியாது’ன்னு சொல்றதுக்கு மட்டும் எனக்கு சம்பளம் குடுக்கறாங்களா?”

இந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கும் அதிகாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டுத் தூக்கம் கெட்டவள் இவள் ஒருத்திதான்.

அடுத்த வாரத்திலிருந்து வேறு எங்கே பணம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். வாடகை, ஜீப், டெலிபோன்... எல்லாவற்றையும் குடைந்தாள். ஓடாத லிஃப்ட்டுக்கு மெயின்டனன்ஸ் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து நிறுத்தினாள். எல்லாம் சேர்த்தும் அரை கிலோமீட்டர் குழாய்க்குக் காணாது. நிறுவனத்தின் வரவில் பெரும்பகுதி எங்கே போகிறது? தவணை நிதிக்கு. அதிலும் பெரும்பகுதி? வட்டிக்கு.

ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் டெபாசிட்டைப் புதுப்பித்த ரசீது முந்தின நாள்தான் வந்திருந்தது.

“அநியாயம் பத்மா! மறுபடியும் வட்டியைக் குறைச்சுட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு வந்ததுல பாதிதான் இப்ப வருது. ரிடையர் ஆனவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“ரிடையர் ஆனவங்க...”

“அதுக்கு முன்னாடி.”

“வட்டி கொறஞ்சிடுச்சு.”

அவள் வாசற்படியில் அப்படியே நின்றாள். “நாடு பூரா வட்டி கொறையுது. எங்க கடனுக்கு மட்டும் ஏங்க கொறையல?”

எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்றைப் பெருமையோடு பதிவு செய்துகொள்கிறேன். கர்நாடக மாநிலத்தின் நிதி நிர்வாகத்துக்கு என் வாழ்நாள் பங்களிப்பு அந்த ஒரு புலம்பல்தான்.

அவள் பையில் அந்தக் கடன் ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ் இருந்தது. செலவுக் குறைப்புக்காக ஒரு வாரமாக எதை எதையோ வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். எண்பது பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பத்தி நீளம். நான் இரண்டு பக்கம் படித்துவிட்டு, குளிக்கப் போய்விட்டேன். குளித்துவிட்டு வந்தபோதும் அவள் அதே நாற்காலியில் இருந்தாள். மதியம் ஓட்டலிலிருந்து நான்தான் பிசிபேளேபாத் வாங்கி வந்தேன்.

மூன்று மணிக்கு “ஏங்க... இங்க வாங்க” என்று கூப்பிட்டாள்.

விரல் ஒரு ஷரத்தின் மேல் இருந்தது. நான் படித்தேன். புரியவில்லை. அவள் சொன்னாள்.

அந்தக் கடன் வட்டி நிலையானது அல்ல. ஆபீசில் எல்லோரும் அது நிலையான வட்டி என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் அது மாறும் வட்டி. நிதி நிறுவனத்தின் அடிப்படை வட்டி ஏறினால், அந்த வருட அக்டோபர் முதல் தேதியிலிருந்து தானாக ஏறும். யாரும் கேட்க வேண்டியதில்லை. அடிப்படை வட்டி இறங்கினால்? இறங்கும்... ஆனால் தானாக இறங்காது. கடன் வாங்கியவர் அதற்கு முப்பது நாள் முன்னால், ஜாமீன் போட்ட அரசின் சம்மதக் கடிதத்தோடு, டெல்லித் தலைமை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழைய வட்டியே தொடரும்.

ஏறுவதற்கு லிஃப்ட். இறங்குவதற்கு மாடிப்படி. அதிலும் மனு போட்டால்தான் மாடிக் கதவு திறக்கும்!

“ஏமாத்திட்டாங்களா?” என்றேன்.

“இல்லீங்க. எழுதித்தான் வெச்சிருக்காங்க. நாமதான் படிக்கல.” ஒப்பந்தத்தை மூடி வைத்தாள். “அடிப்படை வட்டி எறங்கி மூணு வருஷமா ஒருத்தரும் கேக்கல. போன வருஷம் நான் அங்கதான் இருந்தேன். நானும் கேக்கல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் என்னிடம் மட்டும் அல்ல, மறுநாள் எம்.டி.யிடமும் சொன்னாள். அதை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பதவி உயர்வு நேரம் வேறு. ஆனாலும் சொன்னாள்.

அக்டோபர் முதல் தேதிக்கு முப்பது நாள் முன்னால் என்றால், ஆகஸ்ட் முடிவதற்குள் கடிதம் டெல்லி சேர வேண்டும். கையில் இருந்தது பதின்மூன்று நாள். நடுவில் ஒரு ஞாயிறு... போதாக்குறைக்குக் கௌரி கணேச ஹப்ப. பெங்களூரில் அந்தப் பண்டிகை வாரத்தில் ஒரு ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்வதே பிள்ளையார் அருள்.

எம்.டி. முதலில் தயங்கினார். “அவங்க தப்பா எடுத்துக்கிட்டா? அடுத்த கடனுக்கு அவங்ககிட்டதானே போகணும்?”

“சார், நாம சலுகை கேக்கல. அவங்க எழுதின பத்திரத்துல அவங்க குடுத்த உரிமையைக் கேக்கறோம். ஒரு தவணைகூட தவறாம கட்டியிருக்கோம். தலை நிமிர்ந்து கேக்கலாம் சார்.”

ஜூலையில் அவள் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் இப்படிச் சொல்ல முடியுமா? எம்.டி.க்கும் அது உறைத்திருக்க வேண்டும். மூன்று நாள் யோசித்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

அடுத்து, அரசின் சம்மதம். ஃபைல் நிதித் துறைக்குப் போனது. பத்மாவும் கூடவே போனாள். ஒவ்வொரு மேஜையிலும் நின்று அவளே விளக்கினாள். செயலாளர் ஃபைலில் ஒப்புதல் எழுதிவிட்டார். சுத்தமாக டைப் செய்த சம்மதக் கடிதத்தில் துணைச் செயலாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்... பண்டிகைக்கு லீவில் போய்விட்டார். வருவதற்கு இன்னும் நான்கு நாள்.

கௌரிப் பண்டிகை அன்று காலை பத்மா என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள். மல்லேஸ்வரத்தில் துணைச் செயலாளர் வீடு. வாசலில் மாவிலைத் தோரணம், பெரிய கோலம். உள்ளே பூஜை. ஃபைலும் கையுமாக என் மனைவி. பின்னால், அவர் ஆபீசிலிருந்து கேட்டு வாங்கிய முத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு நான்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பத்மா விஷயத்தைச் சொல்வதற்குள், “பன்னி, பன்னி!” என்று கன்னடத்தில் ‘வாங்க, வாங்க’ சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். பண்டிகை நாளில் வாசலுக்கு வந்த சுமங்கலியாயிற்றே! துணைச் செயலாளர் பட்டு வேட்டியோடு பூஜையிலிருந்து எழுந்து வந்தார். ஃபைலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“ஹப்ப நாள்ல கூடவா மேடம்?”

“மன்னிச்சுக்குங்க சார். அஞ்சு நிமிஷம். இதுல ஒரு ஊர் தண்ணி இருக்கு.”

நின்றபடியே படித்தார். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “இந்த ஷரத்து... வேற கடன்கள்லயும் இருக்குமோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பாக்கணும் சார். யாரும் பாத்த மாதிரி தெரியல.”

கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்தோம். கிளம்பும்போது அவர் மனைவி விடவில்லை. பத்மாவுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்து, அந்தப் பண்டிகைக்குச் சுமங்கலிகளுக்குத் தரும் பாகினத்தையும் கொடுத்தார். மூங்கில் முறத்தில் தேங்காய், வளையல், பருப்பு, ரவிக்கைத் துணி. அரசாங்கச் சம்மதக் கடிதம் அந்த முறத்தின் மேலேயே உட்கார்ந்து எங்கள் ஸ்கூட்டரில் வந்தது. எத்தனை மாநிலங்களுக்குக் கடன் விவகாரம் இப்படி மங்களகரமாக நடந்திருக்கும்?

இனி டெல்லி. ஃபேக்ஸ் அனுப்பியாயிற்று. ஆனால் ஒப்பந்தத்தில் ‘ஃபேக்ஸ்’ என்ற வார்த்தையே இல்லை. மூலக் கடிதம் நேரில் போய்ச் சேர வேண்டும். கூரியரை நம்பலாமா? பண்டிகை வாரம். ஆள் போக வேண்டும். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. யாரைப் போகச் சொல்வது?

மதியம் ஆபீசில் எம்.டி., பத்மா, இன்னும் இரண்டு பேர். அப்போது அறைக்குள் வந்தவர் பசவராஜு. அந்த மீட்டிங்குக்குப் பிறகு பத்மாவும் அவரும் ஃபைல் விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நான் போறேன் மேடம்.”

“உங்களுக்குப் பண்டிகை இல்லையா?”

“ஹப்ப வருஷா வருஷம் வருது மேடம். அந்த லெட்டர் இந்த வருஷம் போகணும்.” கொஞ்சம் தயங்கினார். “அன்னிக்கு நான் பேசினது தப்பு. வயித்தெரிச்சல்ல வந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்கத்தான் செஞ்சேன் பசவராஜு,” என்றாள் பத்மா. “அதனாலதான் இதைக் கண்டுபிடிச்சேன். ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்க.”

சாயங்கால ரயிலில் எமர்ஜென்சி கோட்டாவில் ஒரு பெர்த். மேல் பெர்த், பாத்ரூம் பக்கம். கடிதத்தைப் பெட்டியில் வைத்தால் யாராவது பெட்டியோடு எடுத்துவிடுவார்கள் என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், பிற்பகல், டெல்லியின் ஏதோ ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன்.

“ஸீல் ஆயித்து மேடம்! காப்பியில ரவுண்டு ஸீல், தேதி, கையெழுத்து... மூணும் வாங்கிட்டேன்.”

பத்மா போனை வைத்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாளாம். அழுதாளா என்று கேட்டேன். “முகம் கழுவினேன்னு சொன்னேன்,” என்றாள்.

செப்டம்பர் கடைசியில் தவணை தேதி வந்தது. தவணை நிதியில் பணம் முழுசாக இருந்தது. சொன்ன நாளில் கட்டினார்கள். எம்.டி. அடுத்த மாதம் வந்துவிடும் என்று நம்பிய அந்த மானியம் எப்போது வந்தது தெரியுமா? நவம்பரில். தவணை நிதியை ஜூலையில் எடுத்திருந்தால்... வேண்டாம், விடுங்கள்.

டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கோட்டு, சூட்டு. முதலில் வட்டியைக் கொஞ்சம் குறைக்கிறோம் என்றார்கள். பத்மா ஒப்பந்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘கொஞ்சம்’ என்ற வார்த்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள். அரை நாள் பேச்சு. கடைசியில் ஷரத்து சொன்னபடியே முழுசாக இறங்கியது வட்டி.

கடந்த மூன்று வருடத்துக்குக் கேட்டுப் பார்த்தாள். “அப்போ நீங்க கேக்கலையே மேடம்” என்றார்கள். இன்றும் அந்த மூன்று வருடத்தை நினைத்தால் அவளுக்கு ஆறாது. “அது எத்தனை கிலோமீட்டர் குழாய் தெரியுமா?” என்பாள். பெருமையில் எப்போதும் கொஞ்சம் கசப்பும் கலந்துதான் இருக்கும்போல.

அக்டோபரிலிருந்து தவணை நிதிக்கு மாதாமாதம் போக வேண்டிய தொகை குறைந்தது. மிச்சம் வந்ததை அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒதுக்க போர்டு அனுமதித்தது. நவம்பரில் வந்த மானியமும் சேர்ந்துகொண்டது.

அத்தோடு முடியவில்லை. துணைச் செயலாளர் சும்மா இருக்கவில்லை. ஜாமீன் கொடுத்த கடன்கள் எல்லாவற்றின் ஒப்பந்தங்களையும் எடுத்துப் படிக்கும்படி, எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை போனது. ‘ஒரு நிறுவனத்தில் கண்டறியப்பட்டபடி’ என்று ஆரம்பித்தது அது. பெயர் இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சுற்றறிக்கையின் காப்பி ஒன்று இருக்கிறது. ‘ஒரு நிறுவனத்தில்’ என்ற இடத்தில் நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மேடையில் கர்ஜிப்பவர்களால்தான் அரசாங்கம் ஓடுகிறது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எண்பது பக்கம் படிப்பவர்களாலும் அது ஓடுகிறது. அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டிலும் பொறிப்பதில்லை. பொறித்தாலும் என்ன எழுதுவது? ‘வட்டியை இறங்கச் சொன்னவர்’ என்றா?

மறு வருடம் கோடையின் ஆரம்பத்தில் அந்த ஊரில் திறப்பு விழா. பத்மா வரவில்லை என்றுதான் சொன்னாள். பசவராஜு வீட்டுக்கே வந்துவிட்டார். “நீங்க வரலேன்னா நான் வால்வைத் திறக்க மாட்டேன் மேடம்” என்று அடம்பிடித்தார். போனோம்.

ஷாமியானா, மாலை, மைக். மேடையில் இருபது பேர். எங்களுக்கு நாலாவது வரிசையில் நாற்காலி. பேசிய எல்லோரும் தங்களுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்கள். கணக்கு, வட்டி, ஷரத்து... ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. என் கன்னடத்துக்கு பயந்து உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்ததும் பசவராஜு எங்களை இரண்டு தெரு தள்ளி அழைத்துப் போனார். புதுக் குழாய். சிமென்ட் மேடைகூட இன்னும் காயவில்லை. தண்ணீர் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. இருபது, முப்பது பெண்கள். பிளாஸ்டிக் குடங்கள் பச்சையும் சிவப்புமாக வரிசையில். ஒரே கூச்சல், சிரிப்பு.

பத்மா குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையை நீட்டி, விழும் தண்ணீரைத் தொட்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமாகப் பார்த்த முகம். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ‘அம்மா தாய்களே, இந்தத் தண்ணீர் யாரால் வந்தது தெரியுமா?’ என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. வாயைத் திறந்தும்விட்டேன்.

அதற்குள் இடுப்பில் குடத்தோடு ஒரு அம்மாள் எங்களை இடித்துக்கொண்டு வந்தாள். பத்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பட்டுப் புடவை, கையில் குடம் இல்லை, வரிசையிலும் இல்லை.

“ஏனம்மா, குடமும் இல்லாம குழாயை மறிச்சுக்கிட்டு நிக்கறே? ஸ்வல்ப அந்தப் பக்கம் போ!”

பசவராஜு பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பத்மா கையைக் காட்டி அவரைத் தடுத்துவிட்டு, வாய் கொள்ளாச் சிரிப்போடு உடனே ஒதுங்கி நின்றாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில், யாரோ சொன்ன ஒரே வார்த்தைக்கு என் மனைவி ஒதுங்கி நின்றதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்!